திரையில் ஆடும் ஊசல்

சென்ற பருவத்தில் ஒரு நாள் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிய வேண்டும். ஒரு மீட்டர் நீளத்திற்கு நூல், ஓர் உலோகக் குண்டு, ஒரு தாங்கி, ஒரு நிறுத்துக் கடிகாரம், கருவிகள் இவ்வளவே. அரை மணி நேரம் சென்றதும் ஒரு மாணவர் என் மேசைக்கு வந்தார்.

"சார், எங்கள் ஊசல் சரியில்லை. வேறு ஊசல் கொடுங்கள்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. மின்கலம் தீர்ந்து போகலாம். மின்னோட்டமானியின் முள் சிக்கிக்கொள்ளலாம். நூலில் கட்டிய குண்டு எப்படிக் கெட்டுப்போகும்? என்ன குறை என்று கேட்டேன்.

"9.81 வரமாட்டேன் என்கிறது, சார். எத்தனை முறை செய்தாலும் 9.63தான் வருகிறது. நேற்று கைப்பேசியில் செய்து பார்த்தேன். அதில் சரியாக 9.81 வந்தது."

கைப்பேசியில் அவர் செய்து பார்த்த சோதனையை அனுப்பி வைத்தவன் நான்தான். ஆசிரிய நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பினார். நான் வகுப்புக்கு அனுப்பினேன். "மிகப் பயனுள்ளது, அனைவரும் செய்து பாருங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியில் என்ன குறை இருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்ல கருவிதான்

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ஃபெட். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரப் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கார்ல் வீமன். போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கியதற்காக 2001ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசை எரிக் கார்னெல், வொல்ஃப்காங் கெட்டர்லே ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர். தனிச்சுழி வெப்பநிலையை எட்டிப் பார்த்த ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் மின்சுற்றை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதில் மனத்தைச் செலுத்தினார் என்பதே பாராட்டத்தக்கது.

சிமுலேஷன் என்று வழங்கும் இவற்றைத் திரைச் சோதனைகள் என்று இங்கே குறிப்பிடுவோம். ஊசல், மின்சுற்று, வாயுக்களின் பண்புகள், எறிபொருள் இயக்கம், ஒளிமின் விளைவு என்று பல தலைப்புகளில் இவை கிடைக்கின்றன. கட்டணம் கிடையாது. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும். தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கும் வந்திருக்கின்றன.

ஊசல் சோதனையைத் திறந்தால், திரையின் நடுவே ஓர் ஊசல் தொங்குகிறது. விரலால் குண்டை இழுத்து விட்டால் ஆடுகிறது. நீளத்தை மாற்றலாம், குண்டின் நிறையை மாற்றலாம். உராய்வைக் கூட்டலாம், முற்றிலும் நீக்கிவிடலாம். ஊசலை நிலவுக்கும் வியாழனுக்கும் கொண்டுபோகலாம். பெயரில்லாத ஒரு கோளில் ஆடவிட்டு, அங்கே ஈர்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஓர் ஏற்பாடும் உண்டு. எந்தக் கல்லூரி ஆய்வகத்தால் மாணவரை வியாழனுக்கு அழைத்துச் செல்ல முடியும்?

இவற்றால் பயனில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. அதே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபின்கெல்ஸ்டைன் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் உண்மையான கம்பி, மின்கலம், விளக்கு ஆகியவற்றைக் கொண்டு மின்சுற்றுச் சோதனைகளைச் செய்தனர். மற்றொரு பகுதியினர் திரையில் மட்டுமே செய்தனர். பின்னர் இரு சாராரும் உண்மையான கருவிகளைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்து விளக்க வேண்டியிருந்தது. இதில் திரையில் பயின்றவர்களே மேலாகச் செய்தனர். கருத்து வினாக்களிலும் அவர்களே முந்தினர்.

இதற்குக் காரணம் எளிது. உண்மையான கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நகர்வதை எவரும் பார்த்ததில்லை. திரையில் அவை சிறு உருண்டைகளாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். மின்னோட்டம் விளக்கில் "செலவாகி"விடுவதில்லை, போன அளவே திரும்பி வருகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. புலப்படாத ஒன்றைப் புலப்படுத்துவதில் திரைக்கு நிகர் திரைதான்.

ஆனால் ஊசலில் புலப்படாதது எது? அது கண்ணெதிரே ஆடுகிறது. அங்கே நாம் மாணவருக்குக் கற்றுத்தர வேண்டியது ஊசலைப் பார்ப்பதை அன்று, அளப்பதை. மின்சுற்றில் நண்பனாக இருந்த திரை, இங்கே வேறுவிதமாக நடந்துகொள்கிறது.

9.81 எந்த ஊர் எண்?

திரையில் "பூமி" என்று தேர்ந்தெடுத்தால், கணக்கில் புகுவது 9.81 மீ/வி² என்னும் எண். ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் 2.006 வினாடி என்று அது கணக்கிட்டு, அவ்வாறே குண்டை அசைத்துக் காட்டுகிறது. மாணவர் அந்த அலைவு நேரத்தை அளக்கிறார். நீளத்தை 39.48ஆல், அதாவது பையின் இருபடியைப் போல் நான்கு மடங்கால் பெருக்கி, அலைவு நேரத்தின் இருபடியால் வகுக்கிறார். 9.81 கிடைக்கிறது. மகிழ்கிறார்.

இங்கே என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். கணிப்பொறியில் முன்பே எழுதி வைத்த ஓர் எண்ணை, சுற்றுவழியில் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டோம். உண்டியலில் நாமே போட்ட காசை நாமே குலுக்கி எடுப்பது போன்றது இது. பூமியிடம் எதையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பூமி வேறு விடை சொல்லியிருக்கும். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது. நடுவில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் இருக்கிறது. இந்த இரண்டு காரணங்களாலும் ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.83 ஆகவும், நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் இருக்கிறது. 9.81 என்பது பாரிசுக்கும் லண்டனுக்கும் பொருந்தும் எண். சென்னையில் மதிப்பு 9.78. வேடிக்கை என்னவென்றால், இந்தத் திரை ஊசல் பிறந்த போல்டர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கேயும் மதிப்பு 9.80தான். ஆக, திரையிலுள்ள ஊசல் அதைச் செய்தவர்களின் ஊரிலும் ஆடவில்லை. நம் ஊரிலும் ஆடவில்லை.

9.81க்கும் 9.78க்கும் இடையே மூன்றே நூற்றில் ஒரு பங்குதானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சிறு வேறுபாட்டுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

1672ஆம் ஆண்டில் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார், நிலநடுக்கோட்டிற்கு அருகே தென் அமெரிக்காவிலுள்ள கெயேன் என்ற ஊருக்கு ஆய்வுக்காகச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், அங்கே நாள்தோறும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அவர் கடிகாரத்தைத் திட்டிவிட்டு வேறொன்று கேட்கவில்லை. மாதக்கணக்கில் அளந்து பார்த்தார். அங்கே வினாடி தவறாமல் ஆட வேண்டுமானால், ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டும் என்று கண்டார். 1687இல் வெளிவந்த பிரின்சிபியா நூலில் நியூட்டன் இந்த அளவையும் சான்றாக எடுத்துக்கொண்டார். பூமி நடுவில் பருத்த கோளம் என்னும் முடிவுக்கு அது துணைநின்றது. மூன்று மில்லிமீட்டர் நூல், பூமியின் வடிவத்தைச் சொல்லியது!

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1821ஆம் ஆண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலைக் கொண்டு அளவுகள் எடுத்தார். அடுத்த ஆண்டில் அவை லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. பல நாடுகளிலிருந்து இவ்வாறு திரட்டப்பட்ட அளவுகளிலிருந்துதான் பூமியின் உருவம் துல்லியமாயிற்று.

ரிஷேயின் கையில் பாரிசின் எண்ணைப் பதித்து வைத்த ஒரு திரை ஊசல் மட்டும் இருந்திருந்தால், கெயேனிலும் அது பாரிசின் விடையையே சொல்லியிருக்கும். அவரும் மனநிறைவோடு கப்பலேறியிருப்பார்.

பிழையும் பேசும்

இனி 9.63க்கு வருவோம். அந்த மாணவர் ஊசலைக் குறை சொன்னார். நானோ அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "குண்டை எவ்வளவு தூரம் இழுத்து விட்டீர்கள்?" அவர் செய்து காட்டினார். கோணமானியை வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 20 பாகை இருந்தது.

நாம் பயன்படுத்தும் வாய்பாடு சிறு வீச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று எல்லாப் பாடநூல்களிலும் எழுதியிருக்கிறது. படிக்கிறோம், மறக்கிறோம். 20 பாகை வீச்சில் அலைவு நேரம் 100க்கு 0.77 பங்கு கூடிவிடும். அலைவு நேரத்தின் இருபடியால் வகுப்பதால், விடையில் இந்தப் பிழை இரட்டிப்பாகும். 9.78 என்பது 9.63 ஆகிவிடும். அவருக்குக் கிடைத்ததும் அதுவே. ஊசல் பொய் சொல்லவில்லை. "என்னை அதிகமாக இழுத்துவிட்டாய்" என்று இரண்டு தசம இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது.

இப்படிப் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. யாரேனும் 10.8 என்று விடை கொண்டுவந்தால், அவர் குண்டை விட்ட கணத்தில் "சுழி" என்று எண்ணாமல் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார் என்று அறியலாம். 20 அலைவு என்று எழுதியவர் உண்மையில் 19 அலைவுக்கே நேரம் அளந்திருக்கிறார். 20ஐ 19ஆல் வகுத்து, இருபடியாக்கி, 9.78ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.8 வரும். இன்னொருவர் 9.68 கொண்டுவந்தால், நூலை மட்டும் அளந்துவிட்டுக் குண்டின் ஆரமான ஒரு சென்டிமீட்டரைச் சேர்க்க மறந்திருக்கலாம்.

மருத்துவர் நாடியைப் பார்த்து நோயறிவது போல, விடையைப் பார்த்து வழுவை அறியலாம். செய்முறை வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. திரை ஊசலிலோ குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறக்க முடியாது. நீளம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அலைவு நேரத்தை அளக்க ஒரு பொத்தானே இருப்பதால், தப்பாக எண்ணவும் முடியாது. தாங்கி அசையாது, காற்று வீசாது, நூல் நீளாது. தவறு செய்ய இடமே இல்லாத இடத்தில், தவறைத் திருத்திக்கொள்ளக் கற்பது எப்படி?

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். பெரிய வீச்சின் விளைவைத் திரை ஊசல் மறைக்கவில்லை. 60 பாகைக்கு இழுத்து விட்டால், அலைவு நேரம் 100க்கு 7 பங்கு கூடுவதை அதிலேயே காணலாம். அதைச் செய்தவர்கள் இயற்பியலில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த விளைவைத் தேடும்படி மாணவருக்கு நான் ஒரு கேள்வியும் கொடுத்தனுப்பவில்லை. "செய்து பாருங்கள்" என்றேன். அவர் செய்து பார்த்தார், 9.81ஐக் கண்டதும் மூடிவிட்டார்.

கைப்பேசியே கருவியானால்?

திரைச் சோதனைக்கு நேர்மாறான ஒரு செயலியும் ஆசிரியர்களிடையே பரவி வருகிறது. ஜெர்மனியில் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2016ஆம் ஆண்டில் வெளியான ஃபைஃபாக்ஸ் அது. இதுவும் இலவசமே. கைப்பேசிக்குள் முடுக்கத்தை உணரும் உறுப்பு, காந்தப்புலத்தை உணரும் உறுப்பு, ஒலிவாங்கி முதலியவை அமைந்திருக்கின்றன. பலர் அவற்றை விளையாட்டுக்கே பயன்படுத்துகிறோம். இந்தச் செயலி அவற்றை அளவுகருவிகளாக்குகிறது. இங்கே கைப்பேசி இயற்கையைப் போல் நடிப்பதில்லை, இயற்கையை அளக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டிலும் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரத்தைத் திறக்க வேண்டும். முதல் கைப்பேசியின் அருகில் நிற்பவர் கைதட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும். ஆனால் தொலைவில் உள்ளது சற்றுப் பிந்தித் தொடங்கும். பிறகு இரண்டாவதன் அருகில் நிற்பவர் தட்டினால் இரண்டும் நிற்கும். இம்முறை முதலாவது பிந்தி நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட நேரமாகும். நமது ஊரில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இது ஏறத்தாழ 0.029 வினாடி. கணக்கிட்டால் ஒலியின் வேகம் 349 மீ/வி என்ற அளவில் கிடைக்க வேண்டும். பாடநூலில் படித்த 340 எங்கே போயிற்று என்று மாணவர் கேட்பார். அது குளிர்ந்த காற்றுக்குரிய எண் என்று நாம் விளக்கலாம். ஊசலில் ஊருக்கேற்ப எண் மாறியது. ஒலியில் வெயிலுக்கேற்ப மாறுகிறது.

இதிலும் குறைகள் உண்டு. எல்லாக் கைப்பேசிகளிலும் எல்லா உணர் உறுப்புகளும் இருப்பதில்லை. விலை குறைந்தவற்றில் சுழற்சியை உணரும் உறுப்பு இல்லாமல் போவது வழக்கம். இச்செயலியின் ஊசல் சோதனைக்குத் தேவைப்படுவது அந்த உறுப்பே. மேலும் அச்சோதனையில் கைப்பேசியையே ஊசலாகத் தொங்கவிட வேண்டும். குண்டின் மையம் நமக்குத் தெரியும். கைப்பேசியின் பொருண்மை மையம் எங்கே? நீளத்தை எதுவரை அளப்பது? நீளத்தைக் கொடுத்தால் ஈர்ப்பு முடுக்கத்தைச் செயலியே கணக்கிட்டுக் காட்டிவிடும். கணக்கிடும் வேலையையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டால், மாணவர் கையில் மிஞ்சுவது பொத்தானை அழுத்தும் வேலைதான். கடன் வாங்கிய கைப்பேசியைக் கயிற்றில் கட்டி ஆட்டுவதற்கு எத்தனை வீட்டில் இசைவார்கள் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியதே.

நாம் எதைப் பகிர்கிறோம்?

இப்போது எங்கள் ஆசிரியர் குலத்தைப் பற்றியும் சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்விப் பொருள்களைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் வழங்குவது உயர்ந்த பண்பு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. அதே ஆண்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கிய ஜியோஜீப்ரா, இன்று உலகெங்கும் கணித ஆசிரியர்களின் கைக்கருவியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களின் பக்கங்களிலேயே விரைவுக் குறியீடுகள் அச்சாகியிருந்தன. கைப்பேசியைக் காட்டினால் படமும் விளக்கமும் வந்துவிடும்.

பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆசிரியர் ஒருவர் மற்றோர் ஆசிரியருக்கு அனுப்பும்போது அதனுடன் என்ன அனுப்புகிறார்? ஒரு முகவரி, "அருமை", "மிகப் பயனுள்ளது" என்னும் பாராட்டு. அவ்வளவே. அதை வகுப்பில் பயன்படுத்தியபோது மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், என்ன தவறான முடிவுக்கு வந்தார்கள், எந்த வினாவைக் கேட்டபோது விழித்துக்கொண்டார்கள் என்று எழுதி அனுப்புவோர் மிகச் சிலரே. விதையைக் கொடுக்கும் உழவர், எந்த மண்ணில் எப்போது விதைக்க வேண்டும், எந்தப் பூச்சி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். நாமோ விதைப் பையின் படத்தை மட்டும் அனுப்புகிறோம்.

ஃபெட் தளத்திலேயே ஆசிரியர்கள் தங்கள் பயிற்சித் தாள்களைப் பகிர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. அங்கே வழி காட்டப்பட்டிருக்கிறது. பழக்கம்தான் நம்மிடம் வர வேண்டும்.

முகவரிக்கு ஆயுளும் குறைவு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதை நம்பி உருவாக்கிய எண்ணற்ற கல்விப் படங்கள் செயலிழந்தன. ஃபெட் குழுவினர் தங்கள் சோதனைகள் பலவற்றைப் புதிய முறையில் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. "குண்டின் நிறையை இரட்டிப்பாக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுது, பிறகு செய்து பார்" என்ற வினாவுக்கு அத்தகைய அழிவு இல்லை. அது திரையிலும் செல்லும். மின்சாரம் போன பிறகு சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்ட நூலிலும் செல்லும். ஆகவே முதலில் பகிர வேண்டியது வினாவையே.

சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் மாற்றப்பட்ட ஒரு கருவி தமிழர் எல்லாருக்கும் போய்ச் சேரும். தமிழ்நாட்டுப் பாடநூலில் "நிறை" என்றால் ஒரு பொருளிலுள்ள பருப்பொருளின் அளவு. இலங்கைப் பாடநூலில் அதைத் "திணிவு" என்பார்கள். அங்கே "நிறை" என்பது நாம் "எடை" என்று சொல்வது. நாம் "முடுக்கம்" என்பதை அவர்கள் "ஆர்முடுகல்" என்பார்கள். எது சரி என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஆனால் நிறையையும் எடையையும் வேறுபடுத்திக் காட்டும் பாடத்திலேயே இச்சொல் புரண்டு நின்றால், மாணவர் பாடு என்னாகும்? அனுப்பும் ஆசிரியர் ஒரு வரி எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

குற்றம் பழையது

இறுதியாக ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர் 9.81ஐத் தேடியதற்குத் திரை மட்டும் காரணமன்று. திரை வருவதற்கு நெடுங்காலம் முன்பே, செய்முறைக் குறிப்பேட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பும் கலை நம் கல்லூரிகளில் செழித்திருந்தது. பாடநூல் மதிப்புக்கு நெருங்கி வந்தால் முழு மதிப்பெண்; விலகினால் குறைவு என்று நாமே பழக்கி வைத்தோம். மாணவர்கள் அறிவாளிகள். நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதை உற்பத்தி செய்து தருகிறார்கள். எப்போதும் சரியான விடையே தரும் திரை, அந்தப் பழைய நோய்க்கு வாய்த்த புதிய வசதி.

இதில் இழப்பது யார்? வசதியுள்ள மாணவர் எங்காவது ஓரிடத்தில் நல்ல ஆய்வகத்தைப் பார்த்துவிடுவார். ஆய்வக அறை பூட்டியே கிடக்கும் பள்ளியில் படித்துவிட்டு வருபவருக்குக் "கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டால், அவர் இயற்கையோடு ஒரு முறைகூடப் பேசாமலே பட்டம் பெற்றுவிடுவார். ஆய்வகம் இல்லாத குறையைத் திரையைக் காட்டி மூடி மறைக்க நாம் உடந்தையாகக் கூடாது. நூலுக்கும் குண்டுக்கும் என்ன செலவு?

அந்த வகுப்பு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லி விடுகிறேன். குண்டை 5 பாகைக்கு மிகாமல் இழுத்து, 20 அலைவுக்குப் பதிலாக 100 அலைவுக்கு நேரம் பார்க்கும்படி சொன்னேன். காரணத்தையும் அவரையே கணக்கிடச் சொன்னேன். 9.81க்கும் 9.78க்கும் ஓர் அலைவில் வேறுபாடு 0.003 வினாடி. 20 அலைவில் 0.06 வினாடி, கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே அதைவிட மிகுதி. 100 அலைவில் அது 0.3 வினாடியாகிறது. அப்போதுதான் அளவு பேசத் தொடங்கும்.

மூன்றே கால் நிமிடத்திற்கும் மேலாக அவரும் அவர் கூட்டாளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். விடை 9.77 வந்தது. விரலின் தாமதம் 0.2 வினாடி என்று கொண்டால் விடையில் 0.02 பிசகலாம், நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் 0.01 பிசகலாம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தாலும் 0.03தான். 9.81 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது, 9.78 உள்ளே நிற்கிறது.

"அப்படியானால் கைப்பேசிதான் தப்பா, சார்?" என்று கேட்டார்.

"அது வேறு ஊர்க் கணக்கு" என்றேன். அன்று அவர் வேறு ஊசல் கேட்கவில்லை.

வாசக மாணவர்களே, நீங்களும் செய்து பாருங்கள். கதவு நிலையில் ஆணி, அதில் ஒரு மீட்டர் நூல், நூலின் நுனியில் ஒரு கனமான சிறு பொருள்; இவை போதும். முதலில் நூலில் ஆடும் ஊசலை அளந்து, உங்கள் விடையை எழுதி வையுங்கள். அதன் பிறகு திரையைத் திறங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், ஏன் என்று தேடுங்கள். உங்கள் ஆசிரியருக்கு அனுப்புவதானால், விடையோடு நீங்கள் செய்த தவறுகளையும் எழுதி அனுப்புங்கள். அவரும் அதை மற்றோர் ஆசிரியருக்கு அனுப்பட்டும். நான் அடுத்த முறை அனுப்பும்போது, "மிகப் பயனுள்ளது" என்ற வரிக்குப் பதிலாக இப்படி எழுதப் போகிறேன்: "இதில் பூமி என்பது சென்னை அன்று. வேறுபாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு வகுப்புக்கு வருக."